கேம் ஷாஃப்டுக்கு முன்: 558 கிலோ கிட் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது இரண்டு பேர் உட்காரும், கூரையும் கதவும் இல்லாத ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியது. 1957-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் கொண்டுவந்த ‘செவன்’ காரின் வழிவந்த வடிவம். அந்தக் காலத்தில் பிரிட்டனில் உதிரிகளாக வாங்கித் தானே பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரியிலிருந்து தப்பலாம் என்பதால், அந்த வகைக் கார் கிட்டாகவே அதிகம் பரவியது. 1973-இல் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. அதே அமைப்பைப் பின்பற்றிச் சிறு தயாரிப்பாளர்கள் பலரும் கிட் விற்றார்கள். நமது கார் அப்படி ஒன்று.

25 மில்லிமீட்டர் சதுர எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து எழுப்பிய சட்டம். குழாயின் சுவர் 1.6 மில்லிமீட்டர்தான். அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு. முன்பக்கம் 1600 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், பக்கவாட்டில் மூச்சிழுக்கும் இரட்டைக் கார்புரேட்டர்கள், சுமார் 100 குதிரைத்திறன். பின்பக்கம் ஒரே துண்டான ஆக்ஸில். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம்.

ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் கிட்டை வாங்கித் தன் கையால் பூட்டிய கார் இது. இப்போதைய உரிமையாளர் மூன்றாவது கை. எனக்குத் தொழில் கார் பழுதுபார்ப்பு. சஸ்பென்ஷன் வேலையில் தனி ஈடுபாடு. எங்களோடு சேர்ந்த மூன்றாவது ஆள் ஒரு வெல்டர். மொத்த வேலையும் பதினோரு மாதம் நடந்தது.

உரிமையாளர் ஒரு பட்டியலோடுதான் வந்தார். வேகமான கேம் ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), நான்கு பிஸ்டன் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), அகலமான டயர். மூன்றில் கேம் ஷாஃப்டை ஏற்கெனவே வாங்கிப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். கிளம்பும் நேரத்தில்தான் இன்னொன்று சொன்னார்: “பிரேக் பிடிச்சா கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும். மேடு பள்ளத்துல ஸ்டீயரிங் தானா அலையும். அது எனக்குப் பழகிடுச்சு.”

பட்டியலை விட அந்தக் கடைசி வாக்கியம்தான் என் மனதில் நின்றது.

முதல் வாரத்தில் கண்டது

எதையும் கழற்றாமல் ஒரு வாரம் வெறுமனே பார்த்தோம், ஓட்டினோம், அளந்தோம். கார் காலியாக, அரை டேங்க் பெட்ரோலோடு 558 கிலோ. இருக்கையில் ஓட்டுநரின் எடைக்குச் சமமாக 72 கிலோ மணல் மூட்டையை வைத்து, நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் ஏற்றினோம். இவ்வளவு லேசான காரில் ஓட்டுநர் இல்லாமல் எடை பார்ப்பதில் அர்த்தமில்லை. மொத்த எடையில் ஒன்பதில் ஒரு பங்கு அவர்தான்.

முன் இடது 162, முன் வலது 128, பின் இடது 143, பின் வலது 197 கிலோ. இடது பக்க மொத்தத்தையும் வலது பக்க மொத்தத்தையும் மட்டும் பார்த்தால் பெரிய குறை தெரியாது. மூலைவிட்டமாகக் கூட்டினால்தான் விஷயம் வெளியே வரும். முன் இடதும் பின் வலதும் சேர்ந்து 359 கிலோ, அதாவது 57 சதவீதம். 50-க்கு அருகில் இருக்க வேண்டிய எண் இது. நான்கு கால்களில் ஒன்று குட்டையான மேசைபோல, கார் இரண்டு எதிர்மூலைகளில் நின்றுகொண்டிருந்தது. பிரேக் பிடித்தால் பாரம் குறைந்த முன் வலது சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், பிடிப்புள்ள இடது சக்கரம் காரைத் தன் பக்கம் இழுக்கும். அவர் சொன்ன இழுப்புக்கு இதுவே போதுமான காரணம்.

டயர்களில் காற்று 30 பிஎஸ்ஐ இருந்தது. சாதாரணக் காருக்கு அது சரி. இந்த எடைக்கு 18-ஐ ஒட்டி இருந்தாலே போதும். 30 வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். அந்த டயர்களின் நடுப்பகுதிதான் தேய்ந்தும் இருந்தது.

அப்புறம், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பக்கத் தகட்டில் வரிசையாக நான்கு ரிவெட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கருப்புக் கோடு. அழுக்கு என்று துடைத்துவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தோம். கோடு திரும்ப வந்திருந்தது. ரிவெட் தன் துளைக்குள் அசைந்து உரசும்போது வரும் அலுமினியப் பொடி அது. ரிவெட் அசைகிறது என்றால் அதன் அடியில் இருக்கும் ஏதோ ஒன்று அசைகிறது.

தகட்டைக் கழற்றிய நாள்

அந்தப் பக்கத் தகட்டின் ரிவெட் தலைகளைத் துளைபோட்டு எடுத்தோம். தகடு பிரிந்ததும் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. அலுமினியமும் எஃகும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். கட்டியவர் இரண்டுக்கும் நடுவில் சீலண்ட் பூசவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சட்டத்தில் மற்ற இடங்களில் அவர் கை நேர்த்தி தெரிகிறது, இந்த ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கீழ்க்கம்பியின் தாங்கி சட்டத்தோடு சேரும் இடத்தில் பெயிண்ட் மெல்லியதாக வெடித்திருந்தது. பெயிண்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடிப் பூச்சை அடித்தோம். “அண்ணே, விளக்கை இந்தப் பக்கம் பிடிங்க” என்று வெல்டர் குனிந்தார். வெள்ளையில் ஒரு சிவப்பு இழை மெதுவாக ஊறி வந்தது. வெல்டிங் முடியும் ஓரத்தில் தொடங்கி, குழாயின் இரண்டு முகங்களைச் சுற்றிக் கிட்டத்தட்ட 30 மில்லிமீட்டர் விரிசல்.

உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. இத்தனை மாதம் அந்தத் தாங்கியை நம்பித்தான் அவர் வளைவுகளில் போயிருக்கிறார்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

அன்று மாலையே உட்கார்ந்து பேசினோம். மூன்று முடிவுகள்.

கேம் ஷாஃப்ட் பெட்டியிலேயே இருக்கட்டும். 558 கிலோவுக்கு 100 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு ஏறக்குறைய 180. வலு குறைந்த கார் இல்லை இது. விரிசல் விட்ட சட்டத்தின்மேல் இன்னும் 30 குதிரைத்திறன் ஏற்றினால், முதலில் அடிவாங்கப்போவது அந்தத் தாங்கிதான்.

அடுத்தது, முதலில் சட்டம், பிறகு சஸ்பென்ஷன், பிறகு பிரேக், கடைசியில் எஞ்சின் என்ற வரிசை. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து நோட்டில் எழுதுவது.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இதை நாங்கள் ஒருமுறை மீறினோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம்

பெட்ரோல் டேங்க்கை இறக்கி, பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் துண்டித்துவிட்டுத்தான் வெல்டிங் இயந்திரத்தைக் கிட்டே கொண்டுவந்தோம். விரிசலை அடிவரை கிரைண்டரால் திறந்து, டிக் வெல்டிங்கில் நிரப்பி, மேலே ஒரு வலுவூட்டும் தகடு. அந்தத் தகட்டைச் சதுரமாக வெட்டாமல் இரண்டு முனையும் கூராக, மீன் வடிவில் வெட்ட வேண்டும் என்று வெல்டர் உறுதியாக நின்றார். சதுரமாக வைத்தால் வெல்டிங் கோடு குழாயின் குறுக்கே நேராக ஓடும். அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும். கூர் முனை வைத்தால் விசை சிறிது சிறிதாகக் குழாய்க்குள் இறங்கும்.

எதிர்ப்பக்கத் தகட்டையும் கழற்றிப் பார்த்தோம். அங்கே விரிசல் இல்லை. இருந்தாலும் அதே வலுவூட்டலை அங்கும் வைத்தோம். தகடுகளைத் திரும்பப் பொருத்தும்போது எஃகுக்குப் பிரைமர், இடையில் சீலண்ட், தண்ணீர் உள்ளே இறங்காத மூடிய முனை ரிவெட்டுகள்.

இதே நேரத்தில் ஒரு சிறு வேலையும் முடிந்தது. பெட்ரோல் முள்ளும் பின்விளக்கும் அவ்வப்போது துடித்துக்கொண்டிருந்தன. பின்பக்க எர்த் வயரை அலுமினியத் தகட்டில் திருகி வைத்திருந்தார்கள். தகடும் சட்டமும் சேரும் இடம் அரித்துப்போனதால் மின்சாரம் ஒழுங்காகத் திரும்பவில்லை. பேட்டரி வரை தனி வயர் இழுத்ததும் துடிப்பு நின்றது.

நேராகப் போகாத முன்சக்கரங்கள்

முந்தைய உரிமையாளர் காரின் முன்பக்கத்தை 25 மில்லிமீட்டர் தாழ்த்தி, கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 60 நியூட்டன். சாய்வும் நெம்புகோல் விகிதமும் போக, சக்கரத்தில் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் வந்துசேரும். அப்படியும் அந்த மூலையில் ஸ்பிரிங் தாங்கும் 115 கிலோவுக்குக் கணக்குப் போட்டால், கார் நொடிக்கு 2.5 தடவை துள்ளும். சாதாரணக் கார்களில் இது 1 முதல் 1.5 வரை இருக்கும். கரடான சாலையில் சக்கரம் தரையை விட்டு எழும்ப இதுவே வழிசெய்கிறது. ஸ்பிரிங்கை 38-க்கு இறக்கினோம், எண்ணிக்கை 2-ஐ ஒட்டி வந்தது.

ஸ்டீயரிங் அலைவதற்கு வேறு காரணம் இருக்கும் என்று தோன்றியது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரம் இருக்கும் இடத்தில் ஒரு நேரான பலகையைப் பூட்டி, ஜாக்கியால் 30 மில்லிமீட்டர் மேலே ஏற்றினோம். ஸ்டீயரிங்கை யாரும் தொடவில்லை. பலகையின் முன் முனை தானாக 4 மில்லிமீட்டர் வெளியே திரும்பியது. சக்கரத்தைத் தாங்கும் கைகள் ஒரு வட்டத்தில் ஏறி இறங்க, ஸ்டீயரிங் கம்பி வேறொரு வட்டத்தில் ஏறி இறங்குகிறது; காரைத் தாழ்த்தியதில் இரண்டும் பொருந்தாமல் போயிருக்கின்றன. ஒவ்வொரு மேட்டிலும் கார் தன்னைத்தானே திருப்பிக்கொண்டிருந்தது. உயரத்தை 15 மில்லிமீட்டர் திருப்பிக் கொடுத்து, ஸ்டீயரிங் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் ரேக்கின் அடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி அளந்தோம். இரண்டு நாள் போனது. கடைசியில் விலகல் 1 மில்லிமீட்டருக்குள் வந்தது.

பிறகு மூலை எடைகள். ஒரு மூலையின் ஸ்பிரிங் தட்டை உயர்த்தினால் அந்த மூலையிலும் அதன் எதிர்மூலையிலும் பாரம் கூடும். மற்ற இரண்டில் குறையும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு முறையும் காரை முன்னும் பின்னும் உருட்டி நிலைப்படுத்தி எடை பார்த்தோம். முடிவில் முன்பக்கம் 142, 148. பின்பக்கம் 163, 177. மூலைவிட்டம் 50.6 சதவீதம். காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினோம்.

அன்று உரிமையாளர் காரை ஓட்டிவிட்டு இறங்கி வந்து, இது தன் கார் மாதிரியே இல்லை என்றார். எஞ்சினில் அதுவரை நாங்கள் ஒரு திருகைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

பிரேக்கில் நாங்கள் செய்த தவறு

அடுத்து பிரேக். பழைய ஒற்றை பிஸ்டன் காலிப்பர்களைக் கழற்றி, நான்கு பிஸ்டன் காலிப்பர், பந்தயப் பேட் (டிஸ்க்கில் உரசும் பட்டை), புதிய பிரேக் ஆயில் மூன்றையும் ஒரே நாளில் பொருத்தினோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற விதியை மீறியது இங்கேதான்.

மூடிய, காலியான ஒரு தார்த்தளத்தில் சோதித்தோம். முதல் நான்கைந்து தடவை பிரேக் பிடிக்கவே இல்லை என்று தோன்றும் அளவுக்கு மந்தம். பெடலும் முன்னைவிட ஆழமாகப் போனது. பேட் கொஞ்சம் சூடான பிறகு, ஈரமான ஒரு பகுதியில் ஓரளவு அழுத்தியதும் முன்சக்கரங்கள் இரண்டும் சட்டெனப் பூட்டிக்கொண்டன. கார் ஸ்டீயரிங்கைக் கேட்காமல் நேராகச் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. எதிரே எதுவும் இல்லாததால் சேதமில்லை. பொதுச்சாலையில் இது நடந்திருந்தால் இந்த ஆய்வை வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கை அதற்குப் பிறகுதான் போட்டோம். பழைய காலிப்பரில் 48 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று, பரப்பு ஏறக்குறைய 1810 சதுர மில்லிமீட்டர். புதியதில் ஒரு பக்கத்துக்கு 38 மில்லிமீட்டர் பிஸ்டன் இரண்டு, சேர்ந்து 2268. எதிரெதிர் பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக, அதே பெடல் அழுத்தத்தில் முன்பக்கப் பிடி 25 சதவீதம் கூடிவிட்டது. பின்பக்கம் அப்படியே இருக்கிறது. பேட்களை நகர்த்தத் தேவையான ஆயிலும் அதே 25 சதவீதம் கூடும். பெடல் ஆழமாகப் போனது அதனால்தான்.

எங்கள் கணக்கில் பழைய அமைப்பில் மொத்தப் பிரேக் விசையில் முன்பக்கப் பங்கு 66 சதவீதம்.  புதியதில் அது 70.8. இந்தக் காருக்கு வேண்டியது எவ்வளவு? நின்ற நிலையில் முன்பக்க எடை 46 சதவீதம். புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.4 மீட்டர், சக்கர இடைவெளி 2.25 மீட்டர் என்று வைத்தால், 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 மடங்கு) அளவுக்குக் கடுமையாக நிறுத்தும்போது இன்னும் 14 சதவீதம் முன்னால் சாய்ந்து 60 வருகிறது. உயரமான காரில் பாரம் இன்னும் அதிகமாக முன்னால் சாயும். அங்கே பெரிய முன் காலிப்பர் பொருந்தும். தாழ்வான இந்தக் காரில் முன்பக்கம் ஏற்கெனவே அதிகம். நாங்கள் அதை மேலும் கூட்டியிருக்கிறோம்.

திருத்த என்ன வழி என்று பார்த்தோம். பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரியதாகப் போட்டால் பெடலின் ஆழம் குறையும், ஆனால் கால் இன்னும் பலமாக அழுத்த வேண்டும். முன், பின் விகிதம் மாறாது. இப்படிப்பட்ட பேச்சில் எல்லோரும் முதலில் சொல்வது பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு. அது பின்பக்கத்தைக் குறைக்கத்தான் செய்யும். எங்களுக்கு வேண்டியது நேர் எதிரானது.

பழைய காலிப்பர்களையே புதிய சீல் போட்டுத் திரும்பப் பொருத்தினோம். பேட் சாதாரணச் சாலை வகை, குளிரிலும் கடிக்கக்கூடியது. 558 கிலோ காரை நிறுத்துவதில் பந்தயப் பேட் தனக்கு வேண்டிய சூட்டை எட்டுவதே இல்லை. பின் டிரம்முக்குள் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரைச் சற்றுப் பெரியதாகப் போட்டுப் பின்பக்கப் பங்கைக் கூட்டினோம், ஆனால் பின்சக்கரம் முந்திப் பூட்டும் அளவுக்கு விடவில்லை. பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழன்றுவிடும். ஈரத்திலும் காய்ந்த தரையிலும் மாற்றி மாற்றிச் சோதித்து, முன்சக்கரமே ஒரு நூல் முந்திப் பூட்டுவதை உறுதிசெய்த பிறகுதான் கார் சாலைக்கு வந்தது. பிரேக் ஆயில் டாட் 4 என்ற தர வகைதான். அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். புதிதில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டிய ஆயிலுக்கு ஈரம் ஏறிய பின் 155 டிகிரி வரை இறங்க அனுமதி உண்டு. அதனால் தூரம் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று எழுதி வைத்தோம்.

எஞ்சின்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் வளையங்களில் ஒன்று கிழிந்து காற்று உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, நான்கு வாய்களும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி மீட்டர் வைத்துச் சமப்படுத்தினோம். பற்றவைப்பு நேரத்தைத் திருத்தினோம்.

ஒரு விஷயம் மட்டும் கவலை தந்தது. சஸ்பென்ஷன் சரியான பிறகு கார் வளைவுகளில் முன்னைவிட வேகமாகப் போனது. நீண்ட இடது வளைவில் ஆயில் பிரஷர் முள் 3.5 பாரிலிருந்து 1-க்குக் கீழே விழுவதை உரிமையாளர் கவனித்தார். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. அப்படியே விட்டால் பேரிங் போய்விடும். சம்ப்பை இறக்கி, ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் தடுப்புத் தகடுகளை வெல்டிங் செய்து பொருத்தியதும் முள் 3-க்குக் கீழே வரவில்லை. பிடிமானத்தைக் கூட்டினோம், அதன் விலையை எஞ்சின் கேட்டது.

விளைவு

பதினோராம் மாதம் முடிந்தபோது கார் 1,500 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பிரேக் இழுப்பும் ஸ்டீயரிங் அலைச்சலும் இல்லை. டயர் அகலம் முழுவதும் சீராகத் தேய்கிறது. அகல டயர் வேண்டும் என்ற பேச்சை உரிமையாளர் பிறகு எடுக்கவில்லை.

1,500-இல் முழுச் சோதனை செய்தபோது, வலுவூட்டிய இடத்துக்குக் கீழே ஒரே ஒரு ரிவெட்டில் மெல்லிய கருப்புக் கோடு திரும்பத் தெரிந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. தகட்டை மறுபடி கழற்றிச் சாயம் போட்டுப் பார்த்தோம். விரிசல் இல்லை, பழைய துளை அகன்றுபோனதால் அந்த ரிவெட் மட்டும் ஆடியிருக்கிறது. ஓர் அளவு பெரிய ரிவெட் அடித்தோம்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

காலிப்பர் வாங்குவதற்கு முன் பிஸ்டன் பரப்பைக் கணக்குப் போடுவோம். ஒரு தாளில் பத்து நிமிட வேலை அது. எங்களுக்குப் பணமும் மூன்று வாரமும் போயின. காலிப்பரையும் பேடையும் ஒன்றாக மாற்றியதால், மந்தம் எதனால், பூட்டு எதனால் என்று பிரித்தறிய முதலில் முடியாமலும் போனது.

இரண்டு பக்கத் தகடுகளையும் முதல் வாரத்திலேயே கழற்றுவோம். தகடு மூடியிருந்தபோது நாங்களும் அந்தக் காரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டோம்.

சம்ப் தடுப்பை, சஸ்பென்ஷன் வேலையோடு சேர்த்துத் திட்டமிடுவோம். பிடிமானம் கூடினால் ஆயில் ஒதுங்கும் என்பது தெரிந்த விஷயம். முள்ளைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்ததால் எஞ்சின் பிழைத்தது.

இப்போது சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இருக்கிறது. கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நைலான் பூட்டு நட்டைக் கழற்றினால் திரும்பப் போடுவதில்லை, புதியதுதான். ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் உரிமையாளரே விளக்கை எடுத்துக்கொண்டு காரின் அடியில் படுத்து, அந்த நான்கு ரிவெட்டுகளையும் பார்த்துவிட்டு நோட்டில் தேதி போடுகிறார். கேம் ஷாஃப்ட் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.